தலைவரைத் தூக்கிய ஐந்து நாட்கள்

போன மாதம் மின்விளையாட்டு மதிப்பீட்டு வாரியம் ஒரு காலிப் பெட்டிக்குச் சான்றிதழ் கொடுத்தது.

பெட்டிக்குள் வட்டு இல்லை. அனுப்பியவர்கள் வைக்க மறந்திருந்தார்கள். வாரியம் திறக்க மறந்திருந்தது. அறிக்கையில் நிறைகள் என்ற தலைப்பின் கீழ் 'வன்முறை இல்லை, எளிதில் புரிகிறது' என்றும், குறைகள் என்ற தலைப்பின் கீழ் 'சற்று மெதுவாகச் செல்கிறது' என்றும் இருந்தது. ஒரு நாளிதழ் அதை முதல் பக்கத்தில் போட்டது. அமைச்சகத்திலிருந்து ஒரே வரியில் ஆணை வந்தது. அடுத்த விளையாட்டை வாரியத்தார் தாங்களே முடிவு வரை ஆடிப் பார்த்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அறிக்கை தர வேண்டும்.

அலமாரியில் அடுத்து இருந்தது நான்கு பேர் சேர்ந்து ஆடும் மாயாஜாலச் சண்டை விளையாட்டு. நான்கு வீரர்கள் ஒரு மலைக்கோட்டைக்குள் புக வேண்டும். இரண்டு கட்டங்களைத் தாண்டினால் மூன்றாவதில் ஒரு டிராகன். நான்கு பேருக்குக் குறைந்தால் விளையாட்டு தொடங்காது.

வாரியத்தில் மூன்று பேர்தான். தலைவர். செயலர். தொழில்நுட்ப ஆலோசகர். ஆலோசகர் ஒரு முறை தலைவரின் கைபேசியை அணைத்து மறுபடி போட்டுக் கொடுத்தவர். அன்றிலிருந்து ஆலோசகர்.

நான்காவதாகத் தட்டச்சரைப் போடலாம் என்று செயலர் குறிப்பெழுதினார். அதைத் தட்டச்சு செய்ததும் தட்டச்சர்தான். 'தற்காலிக நான்காம் உறுப்பினர்' என்பது தான்தான் என்று இரண்டாம் முறை படித்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவளுக்கு ஒப்பந்த வேலை. ஆறு வருடம் முடியப் போகிறது. ஏழாவதை முடித்தால் நிரந்தரம். நடுவில் ஒரே ஒரு நாள் விட்டுப்போனாலும் பழைய ஆறு வருடமும் செல்லாது. ஒப்பந்தம் அதே வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு முடிகிறது. நீட்டிப்புப் படிவத்தில் இந்த முறை புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: கூட்டு உழைப்பு, பத்துக்கு எத்தனை. ஐந்துக்குக் கீழே என்றால் நீட்டிப்பு இல்லை. எண்ணைப் போட்டுக் கையெழுத்திட வேண்டியவர் தலைவர்.

திங்கட்கிழமை காலை படிவத்தை அவர் மேஜையில் வைத்தாள்.

"விளையாட்டு முடியட்டும்மா," என்றார் தலைவர். "கூட்டு உழைப்புன்னு போட்டிருக்கு. பாத்துட்டுத்தானே போடணும்?"

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கூட்ட அறையில் பெரிய திரையை மாட்டினார்கள். நான்கு நாற்காலிகள். தலைவருடையதற்கு மட்டும் கை வைக்க இடமிருந்தது. திரையில் நான்கு வீரர்கள் வரிசையாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"பெரிய வாள் யாருகிட்ட இருக்கு?"

"முன்வரிசை வீரர்கிட்ட சார்."

"அப்ப அது நான்."

முன்வரிசை வீரரின் வேலை மற்ற மூவருக்கும் விழும் அடியைத் தான் வாங்குவது என்று கையேட்டில் போட்டிருந்தது. கையேட்டைப் படித்தவள் தட்டச்சர் மட்டும். அவளிடம் யாரும் கேட்கவில்லை. செயலர் வில்லாளியை எடுத்துக்கொண்டார். பின்னால் நிற்கலாம். ஆலோசகர் மந்திரவாதியை எடுத்துக்கொண்டு, மந்திரமும் ஒரு தொழில்நுட்பம்தான் என்றார்.

"மருந்துப் பையோட நிக்கிற பொண்ணு?"

"அதைத் தட்டச்சர் எடுத்துக்கட்டும் சார்," என்றார் செயலர். "டீ கொண்டு வர்ற மாதிரிதான்."

பிறகு வீரர்களுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. இடம் சிறியது. தலைவரின் பதவிப் பெயர் அதில் அடங்கவில்லை. பதவியைச் சுருக்க முடியாது என்றார் தலைவர். இடத்தை நீட்ட முடியாது என்றார் ஆலோசகர். மாலை மூன்று மணி வரை பேசி, பதவிப் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல்லை மட்டும் வைப்பதென்று முடிவாயிற்று. தலைவரின் வீரனுக்கு 'உயர்திரு' என்று பெயர் விழுந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஆளுக்கொரு விளையாட்டுக் கைப்பிடி. அதில் இரண்டு குச்சிகள் இருந்தன. ஒன்று நடக்க, ஒன்று பார்க்க. தலைவர் இரண்டாவதைத் தொடவில்லை.

"பாக்கிறதெல்லாம் கீழ இருக்கிறவங்க வேலை," என்றார்.

உயர்திரு நேராக நடந்து ஒரு சுவரில் முட்டினார். நடந்துகொண்டே இருந்தார். தலைவரைத் தாண்டிப் போவது முறையல்ல என்பதால் மற்ற மூவரும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். நாற்பது நிமிடம் போயிற்று.

"சுவர் நல்லா இருக்கு," என்றார் தலைவர்.

"கட்டுமானம் உறுதியா இருக்கு சார்," என்றார் செயலர். தட்டச்சர் பக்கம் திரும்பி, "நிறை ஒண்ணு. எழுதிக்கங்க."

"சார், சுவர்கிட்ட நின்னா பார்வை சுவருக்குள்ள போயிடுது. நம்ம ஆளோட மண்டைக்குள்ள பல்லு மட்டும் தெரியுது. அது குறைதானே?"

"தலைவர் பாக்கிற கோணம் தப்புன்னு எழுதச் சொல்றீங்களா?"

அவள் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு, இடது பக்கம் ஒரு கதவு இருப்பதாக அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அது ஆலோசனை என்பதால் ஆலோசகர் வழியாக மறுபடி சொல்லப்பட்டது. உயர்திரு கதவுக்குள் நுழைந்தார். உள்ளே இடுப்புயரப் பூதங்கள் ஏழெட்டு இருந்தன. எட்டாவது நொடியில் திரையின் குறுக்கே பெரிய எழுத்தில் வந்தது: உயர்திரு வீழ்ந்தார்.

செயலர் எழுந்து நின்றுவிட்டார்.

விதி எளிமையானது. யாராவது பக்கத்தில் போய் மண்டியிட்டு, விழுந்தவர் கையை ஐந்து நொடி பிடித்திருந்தால் அவர் எழுந்துவிடுவார். முப்பது நொடிக்குள் யாரும் வராவிட்டால் நான்கு பேருக்கும் அந்தக் கட்டம் முதலிலிருந்து தொடங்கும்.

"பதவியில இருக்கிறவரைக் கையைப் பிடிச்சுத் தூக்கினதுக்கு முன்னுதாரணம் ஏதாவது இருக்கா?" என்று செயலர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் தூக்கிவிட்டாள். உயர்திரு எழுந்தார். எழுந்த இடத்திலேயே விழுந்தார்.

"முதுகுல யாரோ குத்துறாங்க," என்றார் தலைவர்.

"எதிரிங்க எல்லாப் பக்கமும் இருக்காங்க சார்," என்றார் செயலர், அம்பை விட்டுக்கொண்டே.

ஆலோசகரின் மந்திரவாதி ஒரு பீப்பாய்க்குப் பின்னால் இருந்தார். தன்னிடம் கேட்டால் ஆலோசனை சொல்வதாக ஆலோசகர் சொன்னார். கேட்டார்கள். கவனமாக இருக்க வேண்டும் என்றார்.

மதியத்துக்கு மேல் ஒரு பாறை அரக்கன் வந்தான். மந்திரவாதி அவனை உறைய வைக்க வேண்டும்; உறைந்த நேரத்தில் வில்லாளி அடித்தால் நொறுங்குவான். தனித்தனியாக எவ்வளவு அடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆலோசகர் கைப்பிடியை மடியில் வைக்கப் போனபோது விரல் எதிலோ பட்டது. அரக்கன் வெள்ளையாக உறைந்தான். செயலர் வழக்கம்போல் உயர்திருவின் முதுகைப் பார்த்து அம்பு விட்டார். உயர்திரு சரியாக அப்போது விழுந்ததால் அம்பு அவர் தலைக்கு மேலே போய் அரக்கன் மேல் பட்டது. அரக்கன் ஆயிரம் துண்டாகச் சிதறினான். சத்தம் அறை முழுவதும் உருண்டது. நல்ல சத்தம். துண்டுகள் படியில் துள்ளித் துள்ளி இறங்கின.

"அட!" என்றார் ஆலோசகர்.

ஒரு கணம் நான்கு பேரும் சிரித்தார்கள். அந்த விளையாட்டைச் செய்தவர்கள் இதற்காகத்தான் செய்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"இப்ப இதை யார் கொன்னதா எழுதறது?" என்றார் செயலர்.

யோசித்தார்கள். ஒருவர் பெயரில் போட வழியில்லை. இரண்டு பேர் பெயர் போடப் படிவத்தில் இடமில்லை. 'பொறுப்பு யாருடையது என்று தெளிவில்லை' என்று குறைகளில் சேர்க்கப்பட்டது.

கட்டம் முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வந்தது. இப்படி ஒன்று வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. உயர்திரு: கொன்ற எதிரிகள் பூஜ்யம், வீழ்ந்தது அறுபத்தொன்று. வில்லாளி: எதிரிகள் மீது நான்கு அம்பு, தோழர்கள் மீது இருநூற்றுப் பன்னிரண்டு. மந்திரவாதி: நடந்த தூரம் பதினோரு அடி. மருந்துக்காரி: தூக்கியது அறுபத்தொன்று, வீழ்ந்தது பூஜ்யம். அவள் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நட்சத்திரம் சுழன்றது. கீழே 'அணியின் உயிர்' என்று எழுதியிருந்தது.

வாரியத்தில் யார் என்ன செய்தார்கள் என்று எழுத்தில் வருவது அதுவே முதல் முறை.

செயலர் தொண்டையைச் செருமினார். "சார், இந்தப் பட்டியல்ல வீழ்ந்ததுங்கிற வரிசையில பெரிய எண் எது பாத்தீங்களா? அறுபத்தொண்ணு."

"ஆமா."

"உங்க பேருக்கு நேரா இருக்கு."

தலைவர் பட்டியலை மறுபடி பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது. "நான் பாட்டுக்கு ஆடினேன்," என்றார் அடக்கமாக.

அன்று மாலை வீட்டில் அவள் கணவன் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தான். அவனுக்கு அதுதான் தொழில்.

"ஏன், கையைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கே?"

"தலைவரை அறுபத்தொரு தடவை தூக்கினேன்."

திருப்புளியைக் கீழே வைத்தான். "அந்த ஆளு நூறு கிலோ இருப்பாரே."

"விளையாட்டுலங்க."

"ஆபீஸ்லயா விளையாட்டு?"

"அதான் இப்ப வேலை."

"சம்பளம் உண்டா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் உண்டு."

புதன்கிழமை இரண்டாம் கட்டம். தலைவர் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவர்போல விழுந்தார். எதிரி இல்லாத இடத்தில் பள்ளம் தேடிப் போய் விழுந்தார். பாலம் வந்தால் ஓரமாக நடந்தார். செயலர் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பதினொரு மணிக்கு மேல் அவரும் விழத் தொடங்கினார். தலைவர் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவாக எப்போதும் நின்றுகொள்வார். ஆலோசகர் மறைவிடத்தை விட்டு வெளியே வந்து, எல்லோர் பார்வையிலும் படும்படி விழுந்துகொண்டிருந்தார்.

அவள் மூவருக்கும் நடுவில் ஓடினாள். மண்டியிட்டாள். கையைப் பிடித்தாள். எழுந்தவர் விழுவதற்குள் அடுத்தவரிடம் ஓடினாள். விளையாட்டில் அவளுடைய பை சின்னது. மருந்து நான்குக்கு மேல் கொள்ளாது. அது நிஜமான குறை. பூதங்கள் எல்லாம் ஒரே வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்லின. அதுவும் குறைதான். ஆனால் பனிக்காட்டில் நடக்கும்போது நான்கு பேரின் காலடியும் நான்கு விதமாகக் கேட்டது. முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பாமலே தெரிந்தது. இதைச் செய்தவர் யாரோ காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அவள் அதைத் தனித் தாளில் எழுதி வைத்தாள். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

மாலை எண்ணிக்கை: தலைவர் நூற்று நான்கு. செயலர் நூற்று மூன்று. ஆலோசகர் முப்பது. தட்டச்சர் பூஜ்யம்.

வியாழக்கிழமை காலை அவள் படிவத்தைப் பற்றிக் கேட்டாள். செயலர் எடுத்துக் காட்டினார். கூட்டு உழைப்புக்கு எதிரே பென்சிலால் இரண்டு என்று போட்டிருந்தது.

"சார், இது..."

"உக்காருங்கம்மா. கூட்டு உழைப்புன்னா என்ன? கொடுக்கிறது, வாங்கிக்கிறது. நீங்க கொடுத்துக்கிட்டே இருக்கீங்க. ஒரு தடவையாவது விழுந்தீங்களா? எங்களுக்கும் உதவணும்னு ஆசை இருக்காதா? அந்த வாய்ப்பையே நீங்க தரலையே. இது ஒரு வகையில சுயநலம்."

"நான் விழுந்தா மார்க் ஏறுமா சார்?"

"நீங்க விழணும். நாங்க தூக்கணும். அப்பத்தானே அது கூட்டு?"

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளிடம் கேட்கப்பட்டவற்றில் இது ஒன்றும் கடினமானதல்ல. பதினொன்றரை மணிக்கு, பனிக்காட்டின் கடைசியில், மூவரும் நின்றிருந்த நேரமாகப் பார்த்து ஓர் ஓநாயின் முன்னால் போய் நின்றாள்.

மருந்துக்காரி வீழ்ந்தார். திரையின் மூலையில் நொடிகள் குறையத் தொடங்கின. முப்பது.

"விழுந்துட்டாங்க," என்றார் ஆலோசகர்.

"தெரியுது," என்றார் செயலர். "சார், எப்படிப் போகலாம்?"

"யார் போகணும்?"

"பக்கத்துல இருக்கிறது நீங்கதான் சார். ஆனா நீங்க மண்டி போடற மாதிரி வரும்."

"ஒப்பந்தப் பணியாளர் முன்னாடியா?"

"அதான் சார் நானும் சொல்றேன்."

இருபது.

"நீங்க போங்களேன்," என்றார் தலைவர்.

"நான் போனா தலைவர் போகாம செயலர் போனார்னு ஆகும் சார். உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

இருவரும் ஆலோசகரைப் பார்த்தார்கள்.

"நான் ஆலோசகர்தானே," என்றார் அவர். "தூக்கலாம்னு வேணா ஆலோசனை சொல்றேன்."

பத்து. "மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கு," என்றார் தலைவர். "இந்த வாரியம் அதுல யாருக்கும் குறைஞ்சதில்ல. யாராவது செய்யுங்கப்பா."

அவள் தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பனியில் ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு கை நீண்டிருந்தது. அந்தக் கையை நன்றாக வரைந்திருந்தார்கள்.

திரை வெளுத்தது. கட்டம் முதலிலிருந்து தொடங்கியது. தலைவரின் நூற்று நான்கும் போயிற்று. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். குறைகளில் செயலர் சேர்க்கச் சொன்னார்: கீழ்நிலையில் உள்ள ஒருவர் விழுந்தால் மேல்நிலையில் உள்ளவர்களின் உழைப்பு வீணாகிறது.

"மார்க், சார்?"

"நீங்க விழுந்தீங்க. வாஸ்தவம். ஆனா தூக்கப்படலையே."

இரண்டு இரண்டாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நாலு நாற்பத்தெட்டுக்கு டிராகன் வந்தது. அதற்குள் இரண்டாம் கட்டத்தை அவள் ஏறக்குறைய தனியாகவே இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அறிக்கை தயாராக இருந்தது. கடைசி வரி மட்டும் பாக்கி. 'வாரியம் இவ்விளையாட்டை முடிவு வரை ஆடியது' என்ற வரி. அமைச்சகத்திலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்துவிட்டது.

டிராகன் சிறகை விரித்தது. தரை நடுங்கியது, கைப்பிடியும் உள்ளங்கையில் நடுங்கியது. அது கழுத்தைப் பின்னால் இழுத்து மூச்சு விட்டது. உயர்திரு வீழ்ந்தார். செயலர் மரியாதைக்கு இரண்டு நொடி விட்டு விழுந்தார். ஆலோசகர் அதற்குப் பின். அவள் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நெருப்பு இரண்டு பக்கமும் பிரிந்து போயிற்று.

முப்பது.

அவள் கைப்பிடியை மடியில் வைத்தாள்.

"தூக்கும்மா," என்றார் தலைவர்.

"தூக்கறேன் சார். அந்தப் படிவம் உங்க இடது கைப் பக்கம் இருக்கு."

"எந்தப் படிவம்?"

"இருபத்தஞ்சு," என்றார் ஆலோசகர். அந்த வாரத்தில் அவர் சொன்ன முதல் உபயோகமான சொல்.

"என்னம்மா இது, மிரட்டலா?" என்றார் செயலர்.

"இல்ல சார். என்னை யாரும் தூக்காததுக்கு எனக்கு ரெண்டு மார்க். உங்களை யாரும் தூக்கலைன்னா யாருக்கு எத்தனைன்னு தெரியல. அதான் கேக்கறேன்."

"இப்ப விட்டா மறுபடி எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" என்றார் தலைவர்.

"இது கடைசிக் கட்டம் சார். முதல்லேருந்து. சுவர்லேருந்து."

தலைவரின் கண்ணில் அந்த வாரத்தில் முதல் முறையாக பயம் தெரிந்தது. படிவத்தை இழுத்தார். அவர் பேனா எழுதவில்லை. செயலர் தன்னுடையதை நீட்டினார்.

"பதினாலு."

"எத்தனை போடறது?"

"உங்க இஷ்டம் சார்."

எட்டு போட்டார். கையெழுத்திட்டார்.

"தேதி சார்."

தேதியும் போட்டார். வாரியத்தின் வரலாற்றில் முப்பது நொடிக்குள் கையெழுத்தான ஒரே கோப்பு அது. அவள் அதை வாங்கி, எண்ணைப் பார்த்து, கையெழுத்தைப் பார்த்து, மை காய ஊதி, மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு கைப்பிடியை எடுத்தாள்.

நான்கு நொடி இருந்தது. தூக்குவதற்கு ஐந்து வேண்டும்.

இருந்தாலும் ஓடினாள். மண்டியிட்டு உயர்திருவின் கையைப் பிடித்தாள். பிடித்தபடியே இருக்கும்போது டிராகன் இன்னொரு முறை மூச்சு விட்டது. திரை கறுத்தது. நடுவில் ஒரே ஒரு சொல் வந்தது: முடிந்தது.

மணி நாலு ஐம்பது.

செயலர்தான் முதலில் எழுந்தார். திரைக்குப் பக்கத்தில் போய் அந்தச் சொல்லை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சார்," என்றார். குரல் தழுதழுத்தது. "முடிஞ்சதுன்னு திரையே சொல்லுது."

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "ஆமா. முடிஞ்சது."

"முடிவு வரை ஆடிட்டோம்."

"ஆடிட்டோம்."

மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். தலைவர் நின்றபடியே சிறிய உரை ஒன்று ஆற்றினார். தடைகள் வந்தன, விழுந்தோம், விழுவதில் முன்னின்றோம், கடைசி வரை யாரும் யாரையும் கைவிடவில்லை என்றார். உரை அறிக்கையின் முன்னுரையாகச் சேர்க்கப்பட்டது. அவள் கடைசி வரியை அடித்தாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு அறிக்கை போயிற்று. கூடவே சான்றிதழும்.

வீட்டில் அவள் கணவன் குளிர்சாதனப் பெட்டியைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"ஜெயிச்சீங்களா?"

"நாலு பேரும் செத்துட்டோம்."

"ஐயையோ. அப்புறம்?"

"விளையாட்டுக்குச் சான்றிதழ் குடுத்தாச்சு. எனக்கு ஒரு வருஷம் குடுத்திருக்காங்க."

பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். கையெழுத்து வரைக்கும் வந்து நிறுத்தினான்.

"செத்தவங்க எப்படிடி கையெழுத்துப் போட்டாங்க?"

"ஆறு வருஷமா அப்படித்தாங்க போடறாங்க."